கேமரா வேண்டாம், மஞ்சள் போதும்!

வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், படுத்திருப்பவர் மட்டுமா அடைபட்டுக் கிடக்கிறார்? பார்த்துக் கொள்கிறவளும்தான்! கஞ்சியும் மாத்திரையுமாகவே பொழுது போகிறதே என்று அலுத்துக் கொள்ளும் சகோதரிகளுக்காக இந்த முறை ஒரு கைவேலை. போட்டோ எடுக்கும் வேலைதான். ஆனால் கேமராவும் வேண்டாம், செல்போனும் வேண்டாம்.

துணியில் பட்ட மஞ்சள் கறை சோப்புக்கு மசியாவிட்டாலும் வெயிலில் காயப் போட்டால் வெளுத்துவிடும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவந்துவிடும். இரண்டும் நமக்குத் தெரிந்த சங்கதிதானே? இரண்டையும் சேர்த்தால் படம் தயார்!

இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி 1842-லேயே பூச்சாற்றைக் காகிதத்தில் தடவி, வெயிலில் வைத்துப் படம் பதித்திருக்கிறார். அவரே கண்டுபிடித்த நீலநிறப் பதிவு முறையைக் கொண்டு, 1843-ல் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளைப் பதித்துப் புத்தகமே போட ஆரம்பித்தார். அதற்கும் கேமரா கிடையாது.

செய்முறை இதுதான்: சமையல் மஞ்சள் தூள் ஒரு டீஸ்பூன், மருந்துக் கடை ஸ்பிரிட் மூன்று டேபிள்ஸ்பூன். கலக்கி, துணியில் வடிகட்டுங்கள். (அடுப்புப் பக்கம் போகவே கூடாது. ஸ்பிரிட் குப்பென்று பற்றிக் கொள்ளும். குழந்தைகள் கைக்கும் எட்டக் கூடாது.) கெட்டியான டிராயிங் தாளில் பிரஷ்ஷால் தடவி, இருட்டறையில் உலர்த்துங்கள். முதல்நாளே புத்தகத்தில் வைத்து அழுத்திய இலையைத் தாளின் மேல் வைத்து, கண்ணாடியால் மூடி, நல்ல வெயிலில் இரண்டு மணி நேரம் வையுங்கள். வெயில் பட்ட இடம் வெளுக்கும். இலையை எடுத்துவிட்டு, ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் வெங்காரத்தைக் கரைத்து அதில் தாளை முக்கினால், இலை இருந்த இடம் செங்காவி நிறத்தில் எழுந்து நிற்கும்! நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெங்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். அதையும் பத்திரமாக வையுங்கள்.

என் மாமியார் இடுப்பெலும்பு முறிந்து நாலு மாதம் படுக்கையில் இருந்தார். போகப் போகப் பேச்சே குறைந்துவிட்டது. கேட்டால் 'உம்' என்பார், அவ்வளவுதான். ஒருநாள் கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்றைப் பதித்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நம்ம கொல்லை மரமா?"

"ஆமாம் அத்தை, நீங்க வச்சதுதான்."

"அப்போ அந்த முருங்கையையும் ஒண்ணு எடேன். கொழுந்தா பாத்துப் பறி."

அன்றிலிருந்து எந்த இலை, எப்படி வைப்பது என்பதெல்லாம் அவர் உத்தரவுதான். மரத்தடிக்குப் போக முடியாதவருக்கு மரமே தாளில் வந்து சேர்ந்தது. எனக்கும் மாடிக்குப் போய் வெயிலில் பத்து நிமிஷம் நிற்க ஒரு சாக்கு கிடைத்தது!

இந்தப் படம் வெளிச்சத்தில் நாளடைவில் மங்கும். ஆகவே சுவரில் மாட்டாமல் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் தேதியும் இலையின் பெயரும் எழுதி வையுங்கள். பெயரைப் படுத்திருப்பவரையே எழுதச் சொல்லுங்கள். கை நடுங்கினாலும் பரவாயில்லை.