முளையிலே தெரியாத பயிர்!

வயது 18. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, அப்பா அம்மாவுக்கு நடுவில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான். மேடையில் ஒருவர் பெயர் படிக்கிறார். தன் பெயர் வருமா? வந்தால் எத்தனையாவதாக வரும்? அவன் நெஞ்சு ‘திக் திக்’ என்று அடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் கோடையில் காணும் காட்சி இது. அங்கே ‘நேஷனல் ஹாக்கி லீக்’ என்று பனி ஹாக்கிப் போட்டி நடக்கிறது. அதில் 32 கோஷ்டிகள் ஆடுகின்றன. ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கோஷ்டிகள் வரிசையாக இளைஞர்களைப் பொறுக்கி எடுக்கின்றன. மொத்தம் 7 சுற்று. போட்டியில் பின்தங்கிய கோஷ்டிக்கு முன்னுரிமை. முதல் இடம் யாருக்கு என்பதற்குச் சீட்டுக் குலுக்கலும் உண்டு.

புல்தரை ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு 11 பேர். பனி ஹாக்கியில் 6 பேர்தான். 3 பேர் தாக்குவார்கள். 2 பேர் தடுப்பார்கள். ஒருவர் கோல் காப்பார். பந்து கிடையாது, ரப்பர் வட்டுதான். பூட்சின் அடியில் கத்தி போன்ற இரும்பு. அதில் நின்று சறுக்கிக்கொண்டே ஆட வேண்டும்.

கோல் போடும் பையனைக் கண்டுபிடிப்பது சுலபம். எத்தனை கோல் போட்டான் என்று எண்ணினால் போதும். தடுக்கும் பையனை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் பெரிய பெரிய நிபுணர்களே கோட்டை விடுகிறார்கள்!

2012-ஆம் ஆண்டில் நடந்ததைக் கேளுங்கள்.

அந்த ஆண்டு பிட்ஸ்பர்க் நகரில் தேர்வு நடந்தது. முதலில் எடுக்கப்பட்ட 10 பேரில் 8 பேர் தடுப்பு ஆட்டக்காரர்கள். 4-ஆவது இடத்தில் கிரிஃபின் ரைன்ஹார்ட் என்ற பையனை நியூயார்க் ஐலண்டர்ஸ் கோஷ்டி எடுத்தது. உயரம் 6 அடி 4 அங்குலம். தகப்பனாரும் இதே லீக்கில் தடுப்பு ஆட்டக்காரராக இருந்தவர். குலம், கோத்திரம், உயரம் எல்லாம் பொருத்தம்!

அடுத்த நாள் கோல்ட்டன் பரைக்கோவை செயின்ட் லூயிஸ் கோஷ்டி எடுத்தது. 86-ஆவது இடம். ஜேக்கப் ஸ்லேவினை கரோலைனா கோஷ்டி எடுத்தது. 120-ஆவது இடம்.

என்ன நடந்தது?

ரைன்ஹார்ட் அந்த லீக்கில் ஆடியது மொத்தம் 37 ஆட்டம். பரைக்கோ 2019-இல் ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார். செயின்ட் லூயிஸ் கோஷ்டிக்கு அதுதான் முதல் கோப்பை. ஸ்லேவினோ எதிரிகள் அஞ்சும் தடுப்புச் சுவர் ஆகிவிட்டார். 2020-21 போட்டியில் அவர் 52 ஆட்டம் ஆடினார். அத்தனை ஆட்டத்திலும் தப்பாட்டத்துக்காக அவர் வெளியே உட்கார்ந்தது 2 நிமிடம்தான்! கண்ணியமான ஆட்டத்துக்குத் தரும் ‘லேடி பிங்’ கோப்பை அவருக்கு 2021-இலும் 2024-இலும் கிடைத்தது.

எடுத்த 8 பேருமே வீண் என்று சொல்லிவிட முடியாது. ரைலி, லிண்ட்ஹோம், ட்ரூபா ஆகியோர் நன்றாகவே ஆடினார்கள். ஆனால் 86-ஐயும் 120-ஐயும் அத்தனை கோஷ்டிகளும் தாண்டிப் போனதற்கு என்ன காரணம்?

சுழி பார்க்கிறார்கள்

மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பார்கள், பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். ஏரில் பூட்டிப் பார்த்தால்தானே மாட்டின் குணம் தெரியும்? தேர்வுக்கு முன்னால் பஃபலோ நகரில் இளைஞர்களுக்குச் சோதனை நடக்கிறது. உயரம், எடை, கையின் நீளம் எல்லாம் அளக்கிறார்கள். குதிக்கச் சொல்கிறார்கள். மூச்சு வாங்க சைக்கிள் மிதிக்க விடுகிறார்கள். பனித்தரையில் மட்டும் இறக்குவதில்லை!

குளிர்காலம் முழுவதும் நிபுணர்கள் ஊர் ஊராகப் போய் ஆட்டம் பார்ப்பது உண்மைதான். ஆனால் கண் எங்கே போகிறது? நெட்டையான பையன் மேலும், கோல் போடும் பையன் மேலும் போகிறது. எதிரியைச் சுவரோடு மோதி விழச் செய்தால் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. நிபுணரும் மனிதர்தானே!

நல்ல தடுப்பு ஆட்டக்காரன் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. வட்டு தன் கோலுக்குப் பின்னால் மூலையில் போய்க் கிடக்கிறது. அதை எடுக்க அவன் விரைகிறான். முதுகுக்குப் பின்னால் எதிரி பாய்ந்து வருகிறான். வட்டைத் தொடுவதற்கு முன்பே அவன் தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்க்கிறான். எதிரி எந்தப் பக்கம், நம் ஆள் எந்தப் பக்கம் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுகிறான். தொட்டதும் ஒரே தட்டு! வட்டு நம் ஆளிடம் போய்விடுகிறது. அபாயம் நீங்கிவிட்டது. யாரும் கை தட்டுவதில்லை. எந்த ஏட்டிலும் அது ஏறுவதில்லை.

எதிரி வட்டோடு வரும்போது அவன் பின்னோக்கிச் சறுக்க வேண்டும். நெருங்கினால் எதிரி சுற்றிக்கொண்டு போய்விடுவான். விலகினால் கோலை நோக்கி அடித்துவிடுவான். மட்டை எட்டும் தூரத்திலேயே அவனைக் கட்டிவைத்துப் போக வேண்டும். இதற்கு உயரம் உதவும். ஆனால் காலும் மூளையும்தான் முக்கியம்.

மூளை பழுக்க நாளாகும். தாக்குபவன் தவறு செய்தால் பின்னால் ஆள் இருக்கிறது. தடுப்பவன் தவறு செய்தால் அநேகமாகக் கோல்தான். அடி வாங்கி, ஏமாந்து, அதற்குப் பிறகுதான் கற்றுக்கொள்கிறான். ஸ்வீடன் நாட்டு நிக்லஸ் லிட்ஸ்ட்ராமை 1989-இல் டெட்ராய்ட் கோஷ்டி 53-ஆவதாகத்தான் எடுத்தது. பிறகு அவர் சிறந்த தடுப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை 7 தடவை வென்றார்! மார்க் ஜியோர்டானோவை எந்தக் கோஷ்டியும் எடுக்கவே இல்லை. 2019-இல் அவருக்கு நாரிஸ் கோப்பை. அப்போது வயது 35.

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்பார்கள். தடுப்பு ஆட்டக்காரன் விஷயத்தில் அந்தப் பழமொழி பலிப்பதில்லை.

முளையிலேயே பளிச்சென்று தெரிபவர்களும் உண்டு. 2025-இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட மேத்யூ ஷேஃபர் அப்படிப்பட்டவர். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்ததால், அந்தப் பருவத்தில் தம் கோஷ்டிக்கு அவர் ஆடியது 17 ஆட்டம்தான். அதற்குள் அவருடைய கால் வேகமும் நிதானமும் தெரிந்துவிட்டன. அப்படிப்பட்ட பிள்ளைகள் அபூர்வம். அபூர்வத்தைப் பார்த்துச் சட்டம் போடலாமா?

ஒரு வருஷம் பொறுத்தால் என்ன?

ஒரு காலத்தில் 20 வயது ஆனவர்களைத்தான் இந்தத் தேர்வில் எடுத்தார்கள். 1970-களின் முடிவில்தான் வயதைக் குறைத்தார்கள். தடுப்பு ஆட்டக்காரர்களுக்கு மட்டுமாவது 19 ஆக்க வேண்டும்.

18 வயதுப் பையனுக்குச் சம்பாதிக்க உரிமை இல்லையா என்று சிலர் கேட்கலாம். தேர்வான தடுப்பு ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் உடனே லீக்கில் ஆடுவதில்லையே! திரும்பவும் இளைஞர் கோஷ்டிக்கோ கல்லூரிக்கோதான் போகிறார்கள். எனவே ஒரு வருஷம் தள்ளிப் போட்டால் அவர்களுக்கு நஷ்டம் குறைவு. 18 வயதில் கழுத்தில் மாட்டும் எண்தான் மிச்சமாகும். அந்த எண் பெரிய சுமை. 4-ஆவதாக வந்தவன் ஒவ்வொரு தவறு செய்யும்போதும் “இவனையா 4-ஆவதாக எடுத்தார்கள்?” என்று கேட்பார்கள். 120-ஆவதாக வந்தவனை யாரும் கேட்பதில்லை. அவன் நிம்மதியாகக் கற்றுக்கொள்கிறான்.

பரைக்கோவையே பாருங்கள். 2011-இல் அவருக்கு 18 வயது. 7 சுற்றிலும் அவர் பெயரை யாரும் படிக்கவில்லை. கனடாவின் வடக்கே ஃபோர்ட் மக்மர்ரி என்ற ஊரில் இன்னும் ஒரு வருஷம் ஆடினார். 19 வயதில்தான் எடுத்தார்கள். அப்போதும் அவசரப்படாமல் அலாஸ்கா கல்லூரிக்கு ஆடப் போனார். 2015-இல்தான் லீக்கில் காலடி வைத்தார். அடுத்த 4 ஆண்டுகளில் கோப்பை அவர் கையில் இருந்தது.