பரணுக்குப் போகாத கப்பல்: முதல் கிட் எதை வாங்கலாம்?

லீவு விட்டதும் ‘கப்பல் செய்யலாமாப்பா?’ என்று பிள்ளை கேட்கும். அப்பாவும் உற்சாகமாகி, 104 பீரங்கிகள் கொண்ட ‘விக்டரி’ பாய்மரக் கப்பல் கிட்டை ஆர்டர் போடுவார். பெட்டிமேல் இருக்கும் படம் அவ்வளவு அழகு! பீரங்கிகளுக்குப் பெயின்ட் அடிப்பதிலேயே பாதி ஆர்வம் வடிந்துவிடும். பாய்மரக் கயிறு கட்டும் கட்டம் வருவதற்குள் பெட்டி பரணில் இருக்கும். பிள்ளை மறுபடி கேட்காது. அதுதான் வருத்தம்.

அதனால் முதல் கப்பலுக்கு, உட்கார்ந்து ஒட்டும்போது பேச வீட்டில் ஒரு கதை இருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு அப்படி ஒரு கப்பல் உண்டு.

‘அவன் சரியான எம்டன்’ என்று தாத்தா யாரையாவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நின்று எண்ணெய் டாங்குகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல்தான் அந்த எம்டன். ‘ரெவெல்’ நிறுவனம் இதை 1/350 அளவில் மாடலாக வெளியிட்டிருக்கிறது. நிஜக் கப்பலின் நீளம் 118 மீட்டர். மாடல் சுமார் 34 சென்டிமீட்டர், அதாவது பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் நீளம். ஷோகேஸில் தாராளமாக நிற்கும்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கப்போவது புகைபோக்கி சங்கதி. எம்டனுக்கு இருந்தவை மூன்றே. பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரிய, பொய்யாக நான்காவது ஒன்றையும் நிறுத்தி பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்தார் கேப்டன் முல்லர். அந்தப் பொய்ப் புகைபோக்கியைக் காகிதத்தைச் சுருட்டி வீட்டிலேயே செய்யலாம். வேண்டும்போது வைக்கலாம், எடுக்கலாம். அதை முழுக்கப் பிள்ளையிடமே விடுங்கள்!

ஒன்று, எம்டனில் துளித்துளி பாகங்கள் அதிகம். அரிசி மணி அளவுப் பாகத்தை இடுக்கியில் பிடிக்கும் பொறுமை வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் அதே நிறுவனத்தின் 1/600 டைட்டானிக் போதும். பசையே வேண்டாம், அழுத்தினால் பொருந்திவிடும். டைட்டானிக் கதையைத் தெரியாத வீடும் கிடையாது. எதுவானாலும் வாங்கும் முன் பெட்டியின் பக்கவாட்டில் வயதையும் பாகங்களின் எண்ணிக்கையையும் பாருங்கள்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து பிய்க்காமல் வெட்டி எடுக்க வேண்டும். தனிக் கட்டர் இல்லையென்றால் பழைய நகவெட்டி போதும். பசை நெடி அடிக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். அடிப்பாகத்தின் இரண்டு பாதிகளை ஒட்டியதும் ரப்பர் பேண்டு போட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். வளைவாக ஒட்டினாலும் பிள்ளை ஒட்டியது அப்படியே இருக்கட்டும். தூங்கிய பிறகு அப்பா சரிசெய்து வைப்பது மறுநாள் காலையில் கட்டாயம் தெரிந்துவிடும்.

எம்டன் பெட்டியைப் பிரிக்கும் முன், ஒரு ஞாயிறு உயர் நீதிமன்றப் பக்கம் போய் வாருங்கள். குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு, கிழக்கு மதிலோரம் இருக்கிறது.