எறிந்த பொருள் எங்கே போகும்?

வீட்டைப் பெருக்கிக் குப்பையைத் தெருவில் தள்ளினால் வீடு தூய்மையாகும், தெருவோ அழுக்காகும். குப்பை ஒழியவில்லை, இடம் மாறிற்று. எளிய இவ்வுண்மையை மறந்ததன் விளைவை வேலூர்ப் பகுதியின் பாலாற்றங்கரையிலே காணலாம்.

அறிவியலார் தாம் ஆராய எடுத்துக்கொள்ளும் பகுதியை 'அமைப்பு' என்றும், அதற்குப் புறம்பானவற்றைச் 'சூழல்' என்றும் அழைப்பர். திறந்த பாத்திரத்திலுள்ள வெந்நீரிலிருந்து ஆவியும் வெளியேறும், வெப்பமும் வெளியேறும். அது திறந்த அமைப்பு. ஆவி தப்பாதவாறு பாத்திரத்தை மூடிவிட்டால் வெப்பம் மட்டுமே வெளியேறும்; பொருள் உள்ளேயே நிற்கும். அது மூடிய அமைப்பு. பிரெஞ்சு அறிஞர் லவாய்சியர் 18ஆம் நூற்றாண்டில் மூடிய கலங்களில் பொருள்களைச் சூடேற்றி நிறுத்துப் பார்த்தார். வேதிமாற்றத்தால் மொத்த நிறை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என நிறுவினார்.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றது. தோலைப் பதனிடக் குரோமிய உப்பு பயன்படுகின்றது. வழக்கமான முறையில் அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே தோலிற் பற்றும். எஞ்சியது கழிவுநீரோடு போகும். தோல் அழுகாதிருக்கத் தடவிய கறியுப்பும் அதனுடன் சேரும். ஆலைகள் பல, நல்ல நீரை எடுத்துக் கழிவை வெளியே விட்டன. கிணறுகள் கெட்டன, வயல்கள் உவர்நிலமாயின. மாசு செய்தவரே இழப்பீடு தந்து, சூழலைச் சீர்ப்படுத்தும் செலவையும் ஏற்க வேண்டும் என 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரை வடிகட்டி மீண்டும் பயன்படுத்த வழி செய்கின்றன. எஞ்சும் உவர்நீரை ஆவியாக்குகின்றன. இது நன்முயற்சியே. ஆயினும் ஆவியாக்க எரிபொருள் வேண்டும். நீர் போனபின்னும் உப்பு நிற்கும். 2015 ஜனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டி உடைந்து 10 தொழிலாளர் உயிரிழந்தனர். தேக்கிவைத்த கழிவு ஒழிந்த கழிவன்று.

ஆதலின், கழிவை எங்கே விடுவது என்று கேட்குமுன் அதனை எவ்வாறு குறைப்பது என்று கேட்பதே அறிவுடைமை. நனைக்குமுன் தோலிலுள்ள உப்பை உதறி எடுத்தால் அது நீரிற் சேராது. கழிவிலுள்ள குரோமியத்தை மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்துப் படியச் செய்து, கந்தக அமிலத்திற் கரைத்தால் அது மீண்டும் பதனிட உதவும். இதற்குச் செலவாகுமே என்பர் சிலர். உண்மைதான். செய்யாவிடினும் செலவு உண்டு. அதனை உழவரும் கிணற்றுநீர் பருகுவோரும் அன்றோ கொடுக்கின்றனர்?

மாணவர்களே, நாம் வாழும் பூமியும் ஏறத்தாழ ஒரு மூடிய அமைப்பே. கதிரவன் ஒளி வருகின்றது. வெப்பம் விண்வெளிக்குச் செல்கின்றது. பொருளோ இங்கேயே தங்குகின்றது. ஆலைக்கு வெளியே ஊர் உண்டு. ஊருக்கு வெளியே ஆறு உண்டு. உலகிற்கு வெளியே கழிவைக் கொட்ட இடமில்லை.