அம்மம்மாவுக்குச் சொல்லலாமா?

எம்மவர் பிள்ளைகள் பலர் பிரித்தானியாவில் மருத்துவம் படிக்கிறார்கள். மருத்துவ ஒழுக்கவியலை அவர்கள் விதிகளாக மட்டுமல்ல, நடந்த சம்பவங்களை விவாதித்தும் கற்கிறார்கள். அவற்றுள் ஒன்று ஸ்கொட்லாந்தின் மொன்ற்கோமரி வழக்கு. நீரிழிவு உள்ள, உயரம் குறைந்த தாய். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும் ஆபத்து 9 முதல் 10 சதவீதம். சொன்னால் சிசேரியன் கேட்பார் என்று வைத்தியர் சொல்லவில்லை. 1999இல் பிறந்த மகனுக்குப் பெருமூளை வாதம். முக்கியமான ஆபத்துகளை நோயாளிக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதைப் படித்துவிட்டு வரும் பிள்ளையிடம் நாம் கேட்பது என்ன? "அம்மம்மாவுக்குக் கான்சர் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை." நானும் அப்படிக் கேட்டவன்தான். மொழிபெயர்க்கக் கூட்டிப்போன மகள் வைத்தியர் சொன்னதில் பாதியை விழுங்கினாள். வீடு வந்ததும் என் தாயார் அவளிடம், "நீ ஏன் பிள்ளை என்ரை முகத்தைப் பாக்கேல்லை?" என்றார்.

எவ்வளவு அறிய விருப்பம் என்று நோயாளியையே முதலில் கேட்கவேண்டும். வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை. ஆனால் அந்த வேலையைப் பேரப்பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். என்.எச்.எஸ். மொழிபெயர்ப்பாளர் இலவசம், வைத்தியரைப் பார்க்க நேரம் எடுக்கும்போதே கேளுங்கள்.