ஆளில்லாத பூமியாம்!

லாஸ் வேகஸில் வாடகைக்குக் கார் எடுத்து கிராண்ட் கேன்யன், மான்யுமெண்ட் வேலி, பேஜ் என்று ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வருகிற நம்ம மக்கள் எழுதும் பயணக்கட்டுரைகளில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது. 'மனிதன் கால் படாத பூமி'. கூடவே ஃபாரஸ்ட் கம்ப் ஓடிவந்து நின்ற அந்த ரோட்டின் நடுவில் நின்று ஒரு போட்டோ. போட்டோ எடுத்துக்கோங்க சாமி, நல்லாத்தான் இருக்கு. அந்த வரிதான் கடுப்பேத்துகிறது.

கிராண்ட் கேன்யனில் பிரைட் ஏஞ்சல் பாதையில் இறங்கினால் ஏறக்குறைய பாதி வழியில், மொட்டைப் பாறைகளுக்கு நடுவே திடீரென்று மரங்களும் ஊற்றுத் தண்ணீரும். ஹவாசுபாய் மக்கள் பயிர் செய்து வாழ்ந்த இடம். 1919ல் தேசியப் பூங்கா வந்தது. 1928ல் அங்கே மிச்சமிருந்த கடைசி ஆளையும் வெளியேற்றினார்கள். ஆளைத் துரத்திவிட்டு 'இண்டியன் கார்டன்' என்ற பெயரை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். 'ஹவாசுபாய் கார்டன்' என்று மாற்ற 2022 வரை ஆனது!

அங்கிருந்து கிழக்கே போனால் பைன் காடு முடிந்து, வர்ணம் அடித்த மாதிரி மண்மேடுகள், பிறகு செம்பாறை. ரேடியோவில் புரியாத பாஷை கேட்கிறதா? நவாஹோ நாட்டுக்குள் வந்துவிட்டீர்கள். 1864ல் அமெரிக்க ராணுவம் இவர்களை நியூ மெக்ஸிகோவின் கிழக்குப் பக்கம் நடத்தியே கூட்டிப்போனது. வழியில் விழுந்து செத்தவர்கள் ஏராளம். 1868ல் ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வந்தார்கள். மான்யுமெண்ட் வேலியும் அவர்களுடைய பூங்காதான். (1939ல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தை ஜான் ஃபோர்ட் எடுத்தபோது இதே நவாஹோ மக்களைத்தான் அப்பாச்சிகளாக நடிக்க வைத்தார். ஆள் இல்லாத ஊரில் துணை நடிகர்கள் எங்கிருந்து கிடைத்தார்களோ!)

சரி, பழைய கதை என்பீர்கள். புதுக் கதைக்கு வருவோம். 1944 முதல் 1986 வரை இந்த மண்ணிலிருந்து சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டியெடுத்தார்கள். கைவிட்ட சுரங்கங்கள் மட்டும் 500க்கு மேல். பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் குடிக்கக்கூடாத தண்ணீர். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீடுகளில் குழாயே கிடையாது.

பேஜ் ஊரில் லேக் பவல் ஏரியைப் பார்த்து வாய் பிளக்கிறோமே, அது ஏரியே இல்லை. 1963ல் கொலராடோ ஆற்றை அணைகட்டி நிறுத்திய தண்ணீர். அந்த ஆற்றை 1922லேயே 7 மாநிலங்கள் பங்கு போட்டுக்கொண்டன. பழங்குடிகள் யாரையும் அந்தப் பேச்சுக்குக் கூப்பிடவில்லை. ஏரிக்கரையில் 2019 வரை ஒரு அனல் மின் நிலையம் ஓடியது. நிலம் நவாஹோவுடையது, நிலக்கரி நவாஹோ, ஹோப்பி மண்ணிலிருந்து வந்தது. அந்த மின்சாரத்தை வைத்து கொலராடோ தண்ணீரை ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் பம்ப் பண்ணினார்கள். அதே காலத்தில் நவாஹோ வீடுகள் பலவற்றில் கரண்டும் இல்லை, தண்ணீரும் இல்லை. வேலை கிடைத்ததே என்பார்கள், கிடைத்தது உண்மைதான். அதுக்காகத் தண்ணீர் கேட்கக்கூடாதா? கேட்டார்கள். 1868 ஒப்பந்தப்படி தண்ணீருக்கு வழிசெய்து தரவேண்டிய கடமை அரசுக்கு இல்லை என்று 2023ல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று தீர்ப்பு சொல்லிவிட்டது.

"ஜாலியா டூர் போனா வரலாற்றுப் பாடம் எடுக்கறியே" என்று திட்டலாம். போகவேண்டாம் என்று நான் சொல்லவே இல்லையே. தாராளமாகப் போங்க. ஆன்டிலோப் கேன்யனுக்குள் நவாஹோ வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது, அவரிடம் நாலு வார்த்தை பேசுங்க. இவ்வளவு பேர் இருக்கிற இடத்தை காலி மனை மாதிரி வர்ணிக்காதீங்க, அவ்வளவுதான். காலி என்று சொல்லிச் சொல்லித்தான் சுரங்கம் தோண்டினார்கள், அணை கட்டினார்கள்.

வழியில் பிக்கப் வண்டிகள் முதுகில் பெரிய பிளாஸ்டிக் தொட்டியோடு போகும், கவனிச்சிருப்பீங்க. அது வீட்டுக்குத் தண்ணீர். அடுத்த கட்டுரையில் அதை எழுதுங்க.