மலிவு யாருக்கு?

"விண்டேஜ் கதிரை மச்சான், ரெண்டாயிரத்துக்குத் தூக்கிட்டன்!" மாத்தளைப் பக்கம் நம்ம ஆட்கள் பெருமையடிக்கிற புது விஷயம் இது. அந்த ரெண்டாயிரம் யார்ட கைக்குப் போச்சு என்று மட்டும் யாரும் சொல்றதில்லை. பெரும்பாலும் ஒரு பாட்டி. அவங்க வீட்டுச் சாய்மனைக் கதிரையில பிரம்பு கிழிஞ்சிருக்கும், தேக்குச் சட்டம் கல்லு மாதிரி இருக்கும். "பழசுதானே பாட்டி" என்று சொல்லித்தான் விலையை இறக்குறோம். வாசலைத் தாண்டினதும் அதே பழசு விண்டேஜ் ஆகிடுது.

சண்டிகரில் நடந்ததும் இதுதான். 1950களில் பியர் ஜன்னரே அங்கே அரச அலுவலகங்களுக்குத் தேக்கிலும் பிரம்பிலும் கதிரைகள் வடிவமைத்தார். பழசானதும் கழிவு விலைக்கு ஏலம் போட்டார்கள். வாங்கிய வியாபாரிகள் பழுதுபார்த்து, வெளிநாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கில் விற்றார்கள். இந்திய அரசு ஏற்றுமதிக்குத் தடை போட்டது 2011இல்!

குறைஞ்ச காசுக்கு நல்ல கதிரை தேடுறது பிழையில்லை, எனக்கும் வேணும். ஆனா மலிவு எங்கிருந்து வருது? விற்கிறவங்களுக்கு விலை தெரியாததில இருந்தா?

அலுவிகாரையில ஈனா டி சில்வாவைப் பாருங்க. 1960களின் தொடக்கத்தில் ஜெஃப்ரி பாவா கொழும்பில் வீடு கட்டிக் கொடுத்தது இவருக்குத்தான். பிறகு ஊருக்குத் திரும்பி, பத்திக்கோட தச்சுவேலை, பித்தளை வேலை என்று ஊர்க்காரர் கைக்கு வேலை கொடுத்தார். நாமும் நம்ம வீட்டுப் பரணில கிடக்கிற கதிரையை இறக்கி, பிரம்பு பின்னுறவருக்குக் கூலி கொடுக்கலாமே.

வெளியில வாங்கத்தான் வேணுமா? பேரம் பேச முதல், கொழும்புக் கடையில அதே மாதிரிக் கதிரைக்குப் போட்டிருக்கிற விலையைப் பாட்டிக்கு போனில காட்டுங்க. அதுக்குப் பிறகும் ரெண்டாயிரத்துக்குத் தந்தா, தாராளமா வாங்குங்க.