பெயரில்லாத விருந்தாளி



சென்ற மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. திறந்து பார்த்தால் அயல்வீட்டு ராத்தா. பின்னால் கண்கள் சிவந்துபோய் அவருடைய மகள்.

"தங்கச்சி, ஒருக்கா இதப் பாருங்கோ. ஒரு கிழமையா செஞ்ச வேலை எல்லாம் இல்லாமப் போய்ட்டு. மகள் அழுதுகொண்டே ஈக்கிறா" என்றார் ராத்தா.

மகள் தரம் பத்தில் படிக்கிறாள். டெங்கு ஒழிப்புப் பற்றி வகுப்பில் விளக்கம் செய்ய ஐந்து பிள்ளைகள் சேர்ந்து பதினான்கு பக்கங்கள் தயாரித்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் அதைக் காட்ட வேண்டும். இரவு திறந்து பார்த்தபோது ஐந்து பக்கங்கள்தான் மிச்சமிருந்தன.

"அவ தான் அழிச்சீக்கிறா சாச்சி. எங்க நாலு பேருக்கும் எக்கவுன்ட் ஈக்கி. அவவுக்கு மட்டும் தான் இல்ல. நான் திறந்து பார்க்கக்குள்ள மேல பேரில்லாத ஒரு ஆள் தான் நின்ட" என்றாள் பிள்ளை. அது மட்டுமல்ல, அந்தப் பிள்ளையின் பெயரைப் போட்டு வட்ஸ்அப் குழுவில் காரசாரமாக எழுதியும் விட்டிருந்தாள். மற்ற மூவரும் அதற்கு ஒத்து ஊதியிருந்தார்கள்.

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையின் வீட்டில் கணனி இல்லை. மாமி வீட்டுக்குப் போய்த்தான் தன் பங்கைச் செய்து வந்தாள். பிள்ளைக்குப் பதில் சொல்வதற்கு முன், இந்த "பேரில்லாத ஆள்" எப்படி உள்ளே வருகிறார் என்பதை நாம் விளங்கிக்கொள்வோம். உங்கள் வீட்டிலும் பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருந்தால் இந்த விடயம் நாளைக்கே உங்களுக்கும் தேவைப்படலாம்.

ஒரு காலத்தில் இத்தகைய விளக்கப் பக்கங்களைப் பவர்பொயின்ட் என்னும் மென்பொருளில்தான் செய்வார்கள். அது 1987இல் வெளிவந்தது. ஒருவர் தன் கணனியில் செய்து, தட்டிலோ பென்டிரைவிலோ போட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். ஒரே நேரத்தில் இருவர் கை வைக்க வழியில்லை. 2007இல் கூகுள் நிறுவனம் இணையத்திலேயே இத்தகைய பக்கங்களைச் செய்யும் வசதியைத் தொடங்கியது. இப்போது அதன் பெயர் கூகுள் ஸ்லைட்ஸ். 2010இல் மைக்ரோசொப்ட் நிறுவனமும் பவர்பொயின்ட்டை இணைய உலாவிக்குள் கொண்டுவந்தது. பல வீடுகளில் இருந்துகொண்டு ஒரே பக்கத்தில் எழுதலாம்.

இதில் ஒரு வசதி உண்டு. கோப்பின் சொந்தக்காரர் "ஷெயார்" என்ற பொத்தானை அழுத்தினால், யார் யார் திறக்கலாம் என்று கேட்கும். "இணைப்பு உள்ள எவரும்" என்பதைத் தெரிவு செய்தால், அந்த இணைப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் திறக்கலாம். பக்கத்திலேயே இன்னொரு தெரிவு இருக்கிறது. "வியூவர்" என்றால் பார்க்க மட்டும். "கொமென்டர்" என்றால் ஓரத்தில் கருத்து எழுதலாம். "எடிட்டர்" என்றால் எழுதலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். எடிட்டர் என்று கொடுத்துவிட்டால், திறப்பவர் மின்னஞ்சல் கணக்கில் நுழையத் தேவையில்லை. கடவுச்சொல்லும் கேட்காது.

அப்படி நுழைபவரைக் கூகுள் பெயர் சொல்லிக் காட்டாது. ஒரு மிருகத்தின் படத்தைப் போட்டு "அநாமதேய" என்று எழுதிவிடும். ஒருவர் கப்பிபாரா, ஒருவர் குவோக்கா என்று நாம் கேள்விப்படாத மிருகங்களெல்லாம் வந்து நிற்கும். பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். மைக்ரோசொப்ட்டில் அவர் "விருந்தினர்".

சரி, கணக்கில் நுழையாமல் வேலை செய்வது கெட்ட பழக்கமா? இல்லை சகோதரிகளே. அதில் நன்மையும் உண்டு. கூகுள் கணக்கைத் தானாக வைத்திருக்கப் பொதுவாகப் பதின்மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் குறைந்த பிள்ளைக்குப் பெற்றோர்தான் தமது பொறுப்பில் கணக்குத் திறந்து கொடுக்கலாம். கணக்கு இல்லாத சின்னப் பிள்ளையும் குழு வேலையில் கை கொடுக்க இந்த வழி உதவுகிறது. கொமியூனிகேஷன் கடையிலுள்ள கணனியிலோ உறவுக்காரர் வீட்டுக் கணனியிலோ கடவுச்சொல்லை அடித்துவிட்டு வெளியேற மறந்தால் என்ன நடக்கும்? அடுத்து உட்காருபவர் நமது கடிதங்களை எல்லாம் வாசிப்பார். கணக்கே திறக்காவிட்டால் அந்தப் பயம் இல்லை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பொதுக் கணனியில் திறந்த இணைப்பு உலாவியின் நினைவில் தங்கிவிடும். கடையில் அடுத்து வருபவர் அதைச் சொடுக்கினால் நேராக உங்கள் பக்கத்துக்குள் வந்துவிடுவார். ஆகவே குரோம் உலாவியில் கன்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தி மறைவுச் சாளரம் ஒன்றைத் திறந்து, அதில் வேலை செய்து, முடிந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு எழும்புங்கள்.

இன்னும் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, கைத்தொலைபேசியில் இந்த இணைப்பைத் திறந்தால் பெரும்பாலும் பார்க்கத்தான் முடியும். எழுதுவதற்கு அதற்குரிய செயலி வேண்டும். செயலி கணக்குக் கேட்கும். ஆகவே கணக்கில்லாமல் திருத்துவதற்குக் கணனியே சரி. இரண்டாவது, நம் நாட்டில் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தமிழ் அடிக்கிறோம். அதை அப்படியே இணையப் பக்கத்தில் ஒட்டினால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்கள்தான் குழம்பிப் போய்த் தெரியும். யுனிகோட் தமிழில் அடித்தால் எல்லோருடைய திரையிலும் ஒழுங்காகத் தெரியும்.

இனி அயல்வீட்டுக் கதைக்கு வருவோம்.

"மகள், அழுகையை நிறுத்தி உங்கட கணக்கால உள்ளுக்குப் போங்கோ" என்றேன். கோப்பு அவளுடையது. "ஃபைல்" பட்டியலில் "வேர்ஷன் ஹிஸ்ட்ரி" என்று ஒன்று இருக்கிறது. கோப்பில் எந்த நேரத்தில் என்ன மாற்றம் நடந்தது என்பதை அது குறித்து வைத்திருக்கும். திறந்து பார்த்தோம். ஒன்பது பக்கங்களும் இரவு எட்டு மணி பத்து நிமிடமளவில் அழிந்திருந்தன. அழித்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அநாமதேயப் பயனர்கள் என்று மட்டும் இருந்தது. எட்டு மணிக்கு முந்திய நிலையைச் சொடுக்கி, "ரிஸ்டோர்" என்ற பொத்தானை அழுத்தினோம். பதினான்கு பக்கங்களும் வந்து நின்றன. இரண்டு நிமிட வேலை!

பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஆனால் எனக்கு மற்றப் பிள்ளையின் ஞாபகம்.

"அவ எத்தன மணிக்கு மாமி வீட்டால போன?" என்று கேட்டேன். வட்ஸ்அப் குழுவை மேலே தள்ளிப் பார்த்தோம். "என் பகுதி முடிஞ்சு, மஃரிபுக்கு வீட்ட போறேன்" என்று அவள் எழுதியிருந்தாள். ராத்தா மாமி வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். கணனியை மஃரிபுக்கு முன்பே நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள்.

அப்படியென்றால் எட்டு மணிக்கு வந்தது யார்? ஒவ்வொரு வீடாகக் கேட்டபோது மூன்றாவது வீட்டில் விடை கிடைத்தது. அந்தப் பிள்ளைக்குக் கணக்கு இருக்கிறது. ஆனால் அன்று நானாவின் மடிக்கணனியில் இணைப்பை மட்டும் சொடுக்கித் திறந்திருக்கிறாள். கணக்கில் நுழையவில்லை. கணக்கு உள்ளவரும் அதில் நுழையாமல் திறந்தால் பெயரில்லாதவர்தான் என்பது அவளுக்குத் தெரியாது. சாப்பிடக் கூப்பிட்டதும் திரையை மூடாமல் எழும்பிப் போய்விட்டாள். அவளுடைய ஐந்து வயதுத் தம்பி வந்து உட்கார்ந்தான். டிலீட் பொத்தானைத் தட்டத் தட்ட ஒவ்வொரு பக்கமாக மறைவது அவனுக்கு நல்ல விளையாட்டாக இருந்திருக்கிறது!

அடுத்த நாள் பாடசாலைக்குப் போகுமுன் ராத்தா மகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனார். குழுவில் எழுதிய பழிக்குக் குழுவிலேயே மன்னிப்பும் கேட்க வைத்தார். அந்தப் பிள்ளை ஒன்றும் பேசவில்லையாம். அவளுடைய உம்மாதான், "எங்கட ஊட்டுல கம்பியூட்டர் இல்லாததுக்கா இந்தப் பேச்சு?" என்று கேட்டாராம். ராத்தா அதை என்னிடம் சொல்லும்போது அவருடைய குரல் தளர்ந்துபோனது.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் இப்படி ஒரு குழு வேலை செய்தால் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

எடிட்டர் இணைப்பை வேலை செய்பவர்களுக்கு மட்டும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். வகுப்பின் பெரிய குழுவில் போடுவதென்றால் வியூவர் இணைப்பே போதும். இணைப்பை யாரும் ஊகித்துக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் கிடைத்தவர் அதை இன்னொருவருக்கு அனுப்புவதற்கு ஒரு நொடி போதும்.

கணக்கில்லாமல் எழுதுபவர் தான் செய்த பக்கத்தின் அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடட்டும். தொடங்கும் நேரத்தையும் முடிக்கும் நேரத்தையும் குழுவில் ஒரு வரி எழுதட்டும். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது அப்படி எழுதிய ஒரு வரிதான்.

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஒரு பிரதியைக் கணனியில் இறக்கி வைக்க வேண்டும். அதற்குக் கணக்குத் தேவையில்லை. "ஃபைல்" பட்டியலில் "டவுன்லோட்" என்பதில் பவர்பொயின்ட் வடிவத்தைத் தெரிவு செய்தால் போதும். மறுநாள் இணையம் வேலை செய்யாவிட்டாலும் அந்தப் பிரதி கை கொடுக்கும்.

பிள்ளைகளின் புகைப்படம், வீட்டு முகவரி, தொலைபேசி இலக்கம் எதுவும் அந்தப் பக்கங்களில் வேண்டாம். பேசுபவருக்கான குறிப்பு எழுதும் இடத்திலும் வேண்டாம். எடிட்டர் இணைப்பு உள்ளவர் அதையும் வாசிப்பார்.

வேலை முடிந்தவுடன் சொந்தக்காரர் மறுபடியும் ஷெயாருக்குப் போய் "ரெஸ்ட்ரிக்டட்" என்று மாற்றிவிட வேண்டும். பெயர் சொல்லிச் சேர்க்காத எவருக்கும் அதன் பிறகு பழைய இணைப்பு திறக்காது. விருந்து முடிந்தால் கதவைச் சாத்துகிறோம் அல்லவா?

கடைசியாக ஒன்று. பெயரில்லாமல் எழுத இடம் கொடுத்துவிட்டு, பிறகு பெயர் தேடிப் பழி சொல்வது நியாயமில்லை. அழிந்த பக்கத்தை மீட்க ஒரு பொத்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையின் மனம் உடைந்தால் அதை மீட்கப் பொத்தான் ஏது? ஆகவே முதலில் நேரத்தைப் பாருங்கள். பிறகு கேளுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகமிருந்தால், குழுவில் எழுதாமல் நேரில் போய்ப் பேசுங்கள்.

ஐந்து பேரும் சேர்ந்துதான் அன்று விளக்கம் செய்தார்களாம். நீர் தேங்கும் இடங்களைத் துப்புரவு செய்வது பற்றிய பகுதியை அந்தப் பிள்ளைதான் பேசினாளாம். ஆசிரியை அதைத்தான் அதிகம் பாராட்டினாராம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.